கழுத்துத் தமனிகள்: ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வேரியன்ட்’ என்று வந்தால்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ வழிகாட்டல் அமர்வில், அஸர் தொழுகைக்குப் பின் கதிரியக்கத் துறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த மேடையில் சர்க்கரையைப் பற்றியும் ரத்த அழுத்தத்தைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டார்கள். நான் நாடி பிடித்து மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். மருத்துவ உதவி கேட்டு இங்கே வரும் மனுக்களோடு இருக்கும் ரிப்போர்ட்டுகளை நிர்வாகிகள் என்னிடம் காட்டுவது வழக்கம். அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கழுத்து ரத்தக்குழாயில் ஏதோ ‘குறை’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் குடும்பமே கலங்கிப் போயிருக்கும்.

ஒரு காக்கா, எழுபதை நெருங்கும் வயது. தலைசுற்றல் என்று கழுத்துக்கு டாப்ளர் எடுத்திருக்கிறார். இடது பக்கம் ஒரு குழாய் ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்று ரிப்போர்ட். வீட்டில் யாரோ அதற்கு ‘சுருங்கிவிட்டது’ என்று அர்த்தம் சொல்லிவிட்டார்கள். ஸஜ்தாவுக்குக் குனிந்தால் குழாய் மடங்கிப் பக்கவாதம் வந்துவிடும் என்று பயந்து, அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். முழங்கால் வலி கிடையாது, முதுகு வலி கிடையாது. ஒரு வார்த்தை அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

இன்னொரு வீட்டில் நிக்காஹ் தள்ளிப் போனது. பெண்ணுக்கு எப்போதோ எடுத்த ஸ்கேனில் ‘ஒரு குழாய் இல்லை’ என்று இருந்ததாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் குர்பானி பார்க்காத ஆள் கிடையாது. அறுக்கும்போது கழுத்தில் கவனிக்க வேண்டியவை நான்கு என்று ஆலிம்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்கள். மனிதனின் கழுத்திலும் இரு பக்கமும் பெரிய தமனிகள் உண்டு. அவற்றுக்குக் கரோட்டிட் என்று பெயர். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தால் துடிப்பது அதுதான். இவை போக, கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளுக்குள் புகுந்து மேலே ஏறும் இரண்டு தமனிகள் பின்பக்கம் இருக்கின்றன. அவற்றுக்கு வெர்டிப்ரல் என்று பெயர். ஆக மூளைக்கு ரத்தம் கொண்டு போவது நான்கு குழாய்கள். உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான்; ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது.

சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் தீர்த்துவிடுகிறேன். நம் பேச்சில் எல்லாமே ‘நரம்பு’. கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பில். சூரா காஃபில் வரும் சொல்லையும் பிடரி நரம்பு என்றுதான் தமிழில் சொல்லி வருகிறோம். பழைய வழக்கில் நரம்பு என்றால் ரத்தக்குழாயும் சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டு போவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை, மூளையின் கட்டளையைக் கொண்டு போவது நரம்பு. ‘நரம்பில் கோளாறு’ என்று நீங்கள் சொன்னால் டாக்டர் வேறு பாதையில் தேடப் போவார்.

சரி, எல்லோருக்கும் இந்த நான்கும் ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது. தாயின் கருவறையில் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் இந்தக் குழாய்கள் உருவாகின்றன. முதலில் ஜோடி ஜோடியாக வளைவுகள் தோன்றும். சில வளரும், சில மறைந்துவிடும். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம், பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம் அல்லவா? அது போலத்தான். சிலருக்குப் பிரிக்க வேண்டிய ஒரு மூங்கில் அப்படியே நின்றுவிடும். சிலருக்கு நிற்க வேண்டிய ஒன்று மறைந்துவிடும். சிலருக்கு ஒரு குழாய் வழக்கமான இடத்தில் கிளம்பாமல் பக்கத்து இடத்திலிருந்து கிளம்பும். இதைத்தான் ‘வேரியன்ட்’ என்று எழுதுகிறோம். நோய் என்றால் இடையில் வந்தது. இது பிறக்கும்போதே கூட வந்தது.

முன்பெல்லாம் இது யாருக்கும் தெரியாது. இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். 1927-இல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் உயிரோடிருப்பவரின் கழுத்துத் தமனியில் சாய மருந்து செலுத்தி மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்தார். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இன்று இருமலுக்கு எடுத்த ஸ்கேனில்கூட ஓரத்தில் கழுத்துக் குழாய் தெரிகிறது. தேடாமலே கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டதை எழுதாமல் விட எங்களால் முடியாது. அதனால்தான் ரிப்போர்ட்டில் வருகிறது.

இந்த இடத்தில் நம் முன்னோர் ஒருவரைச் சொல்ல ஆசை. பாக்தாதில் பிறந்த அப்துல் லத்தீஃப் என்ற அறிஞர், சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் பெரும் பஞ்சம் வந்தபோது அங்கே இருந்தார். குவியலாகக் கிடந்த எலும்புகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியிருந்தார். நூற்றாண்டுகளாக எல்லோரும் அதையே படித்தார்கள். இவர் மண்டை ஓடு மண்டை ஓடாக எடுத்துப் பார்த்து, ஒரே எலும்புதான் என்று எழுதினார். புத்தகத்தில் உள்ள படம் ஒன்று, எதிரே இருக்கும் மனிதன் ஒன்று. ஸ்கேன் அறையில் தினமும் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை.

மிகச் சாதாரணமானது ‘பொவைன் ஆர்ச்’. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் மூன்று கிளைகள் தனித்தனியாகக் கிளம்ப வேண்டும். சிலருக்கு முதல் இரண்டும் ஒரே அடியிலிருந்து கிளம்பும். நூறு பேரில் 10 முதல் 20 பேருக்கு இப்படி இருக்கலாம். பொவைன் என்றால் மாட்டைச் சேர்ந்தது என்று அர்த்தம். மகன் கைபேசியில் அர்த்தம் தேடிச் சொல்ல, ஒரு லாத்தா என்னிடம் வந்து, “மாட்டுக்கறி சாப்பிட்டதாலா டாக்டர் இப்படி ஆச்சு?” என்று கேட்டார். இல்லை லாத்தா. பெயர் வைத்தவர்கள் வைத்த பெயர் அது. உண்மையில் மாட்டின் பெருந்தமனி இப்படியும் இல்லை. அதற்கு ஒரே பெரிய அடிமரம்தான். அறுப்புத் தொழிலில் இருப்பவர்கள் அடுத்த முறை பார்த்தால் தெரியும். இதற்கு மருந்தும் வேண்டாம், மேல் பரிசோதனையும் வேண்டாம்.

அடுத்தது அந்தக் காக்காவின் விஷயம். பின்பக்கத்து வெர்டிப்ரல் தமனிகள் இரண்டும் ஒரே அளவில் இருப்பது குறைவு. ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சிறிதாகவும் இருப்பது போல, ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் இருப்பது மிகச் சாதாரணம். பிறவியிலேயே மெலிந்திருப்பதுதான் ‘ஹைப்போபிளாஸ்டிக்’. கொழுப்பு அடைத்துச் சுருங்கினால் அதற்கு வேறு சொல் போடுவோம்: ‘ஸ்டெனோசிஸ்’. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. மெலிந்த குழாய் உள்ளவருக்கு மறுபக்கத்துக் குழாய் அந்த வேலையைச் சேர்த்துச் செய்யும். இரண்டும் மேலே போய் ஒன்றாகத்தானே சேர்கின்றன? ஆகவே மெலிந்த குழாய் என்ற ஒரே காரணத்துக்காக ஸஜ்தாவை விட வேண்டியதில்லை. ருகூவும் செய்யலாம், ஸலாம் கொடுக்கக் கழுத்தையும் திருப்பலாம். ஆனால் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் தவறாமல் கண் இருண்டு மயக்கம் வருகிறது என்றால் அது வேறு விஷயம். எலும்பு குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பயந்து மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். காக்காவின் தலைசுற்றல், விசாரித்ததில், படுக்கையில் புரளும்போது சில விநாடி வந்து போவது. அது உள்காதிலிருந்து வருவது. அதற்கான பயிற்சியைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். இப்போது ஸஃப்பில் நிற்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹ் தள்ளிப்போன பெண்ணின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதுவும் மெலிந்த வெர்டிப்ரல்தான். ‘இல்லை’ என்று அதில் எங்கும் இல்லை. இருப்பது சிறிது என்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேறுக்கும் இதனால் ஒரு தடையும் கிடையாது என்று இரு வீட்டாரையும் உட்கார வைத்துச் சொன்னோம். ஒருவர் ரிப்போர்ட்டை ஊருக்குள் இன்னொருவர் எடுத்துச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் அன்றே சொன்னேன்.

உண்மையாகவே ஒரு குழாய் ‘இல்லாமல்’ பிறப்பதும் உண்டு. மூளைக்குள் போகும் உள் கரோட்டிட் ஒரு பக்கம் உருவாகாமலே இருப்பது. மிக அரிது, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. இப்படிப்பட்டவரின் படத்தைப் பார்த்தால், பிறவியில் இல்லையா அல்லது இருந்து பின்னர் அடைத்துப் போனதா என்ற கேள்வி வரும். பதில் மண்டை ஓட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. அந்தத் தமனி போவதற்கென்று எலும்பில் ஒரு கால்வாய் உண்டு. தமனி வளர்ந்தால்தான் அந்தக் கால்வாயே உருவாகும். கால்வாயே இல்லையென்றால் தமனி ஒருநாளும் இருந்ததில்லை என்று அர்த்தம். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த தடயங்களில் இது ஒன்று. ஒரு பக்கம் தமனி இல்லாமல் மனிதர் எப்படி நடமாடுகிறார்? மூளையின் அடியில் நான்கு குழாய்களையும் இணைக்கும் ஒரு வளையம் இருக்கிறது, வில்லிஸ் வளையம் என்பார்கள். அதன் வழியாக மறுபக்கத்து ரத்தம் வந்து சேர்ந்துவிடும். பலர் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே வாழ்ந்து போகிறார்கள். ஆனால் இரண்டு குழாயின் சுமையை ஒன்று தாங்குவதால் சிலருக்கு வளையத்தில் பலூன் போல் வீக்கம் உண்டாகும். மருத்துவ இதழ்களில் பதிவானவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்படி இருந்திருக்கிறது. தொந்தரவு வந்ததால் ஸ்கேன் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் பதிவாகிறார்கள், அதனால் அந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். என்றாலும் இவர்கள் மூளை ரத்தக்குழாயையும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். ரத்த அழுத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இப்படிப்பட்ட மனு வந்தால் நம் நிதி தாராளமாக உதவட்டும்.

பிரிக்காமல் விட்ட சாரத்து மூங்கில் என்று சொன்னேனே, அதற்கு உதாரணம் கருவில் மட்டும் இருந்து மறைய வேண்டிய இணைப்புத் தமனிகள். முன்பக்கக் கரோட்டிட்டையும் மூளையின் பின்பக்கத் தமனியையும் இவை இணைக்கும். நின்றுபோனதை ‘பெர்சிஸ்டன்ட்’ என்று எழுதுவோம். அதில் ஒரு வகை நாக்கை அசைக்கும் நரம்பு வெளியே வரும் துளை வழியாகவே மண்டைக்குள் நுழையும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்களுக்கு வெர்டிப்ரல் தமனிகள் பெரும்பாலும் மெலிந்திருக்கும். மூளையின் பின்பகுதியும் சிறுமூளையும் அந்த ஒரு கரோட்டிட்டையே நம்பியிருக்கும். கரோட்டிட்டில் கொழுப்பு அடைத்து அறுவை செய்ய வேண்டி வந்தால், கொஞ்ச நேரம் அந்தக் குழாயைக் கவ்வி நிறுத்துவார்கள். அப்போது முன்மூளை மட்டுமல்ல, பின்மூளையும் சேர்ந்து பட்டினி கிடக்கும். முன்பே தெரிந்தால் சர்ஜன் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார்.

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள், குறிப்பாகத் தாய்மார்கள். ‘அபெரன்ட் ரைட் சப்கிளேவியன்’ என்று ஒரு வேரியன்ட். வலது கைக்குப் போகும் தமனி வழக்கமாக வலது பக்கமே கிளம்பும். நூறு பேரில் சுமார் ஒருவருக்கு அது இடது பக்கத்தில் கடைசியாகக் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே ஓடி வலது கைக்குப் போகும். பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்குச் சோறு, இறைச்சி போன்ற கெட்டியான உணவு மார்புக்கு மேலே நின்று போவது போல் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் டேவிட் பேஃபோர்ட் என்ற மருத்துவர், நெடுங்காலம் விழுங்க முடியாமல் அவதிப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் உடலில் இதைக் கண்டார். இயற்கையின் விளையாட்டு என்ற பொருளில் லத்தீனில் பெயரும் வைத்தார்.

விழுங்குவதை விடக் குரல்தான் இதில் முக்கியம். குரல்வளையை அசைக்கும் வலது நரம்பு கழுத்திலிருந்து கீழே இறங்கி, இந்த வலது கைத் தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வரும். தமனி அங்கே இல்லையென்றால் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. நரம்பு குறுக்கே நேராகத் தைராய்டு பக்கமாகக் குரல்வளைக்குப் போய்விடும். தைராய்டு அறுவை செய்யும் சர்ஜன் அந்த நரம்பை வழக்கமான இடத்தில் தேடுவார். அது வேறு இடத்தில், கத்தி போகும் வழியிலேயே குறுக்கே கிடக்கும். வெட்டுப்பட்டால் குரல் கம்மிப்போகும்.

நம் பெண்களில் தைராய்டு கட்டிக்கு அறுவை செய்துகொள்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். குர்ஆன் மக்தபில் ஓதிக் கொடுக்கும் ஓர் உஸ்தாதம்மாவுக்கு அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர் பழைய கோப்பைப் புரட்டியபோது, இரண்டு வருடத்துக்கு முன் இருமலுக்கு எடுத்த நெஞ்சு சி.டி.யின் ரிப்போர்ட் கிடைத்தது. கடைசி வரியில் இந்த வேரியன்ட்டை எழுதியிருந்தார்கள். அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்த வேண்டிய தேவையும் அன்று இல்லை. இப்போது அதை சர்ஜனிடம் காட்டச் சொன்னேன். அவர் நரம்பை அது இருக்கும் இடத்திலேயே தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிட்டு அறுவையை முடித்தார். உஸ்தாதம்மா இப்போதும் ஓதிக் கொடுக்கிறார்.

இதே வேரியன்ட் உள்ளவருக்கு இதய ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது வலது மணிக்கட்டு வழியாகக் கம்பி செலுத்தினால், அது இதயத்தின் பக்கம் திரும்ப மிகவும் சிரமப்படும். முன்பே சொல்லிவிட்டால் இடது மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ செய்துவிடுவார்கள்.

தொண்டையின் பின்சுவருக்கு நெருங்கி வளைந்து ஓடும் கரோட்டிட்டும் உண்டு. சிலருக்குப் பிறவியில், பலருக்கு வயதும் ரத்த அழுத்தமும் கூடிக் குழாய் நீண்டு வளைவதால். வாயைத் திறந்தால் பின்னால் ஒரு மேடு துடிக்கும். அதைக் கட்டி என்று நினைத்துக் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டான்சில் அறுவைக்கும், மயக்க மருந்து கொடுத்துக் குழாய் இறக்குபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இன்னும் அரிதாக, கரோட்டிட் வழி மாறி நடுக்காதுக்குள் ஓடும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரியும், இதயத் துடிப்போடு சேர்ந்து காதில் ‘உஸ் உஸ்’ என்று கேட்கும். காதில் சிவப்பாகத் துடிக்கும் எதையும் ஸ்கேன் பார்க்காமல் தொட விடாதீர்கள்.

இடையில் ஒன்று. முடி திருத்தும் கடையில் தலையைப் பிடித்துச் சட்டென்று சொடுக்கெடுப்பதை விட்டுவிடுங்கள். நல்ல வெர்டிப்ரல் தமனியின் உட்சுவரையே அது கிழிக்கக்கூடும். ஹிஜாமா செய்பவர்கள் கழுத்தின் பக்கவாட்டில் பிளேடு வைக்க வேண்டாம். தமனி தோலுக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தோள்களுக்கு நடுவில் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை.

இனி நிர்வாகிகளுக்கு. ‘வேரியன்ட்’ என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் மேலும் ஒரு சாய ஸ்கேன் எடுக்கப் பணம் கேட்டு மனு வந்தால், பணம் கொடுக்கும் முன் ரிப்போர்ட்டை யாராவது ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. பலவீனமான சிறுநீரகத்துக்குச் சாய மருந்து சுமை. ஜகாத் நிதி டயாலிஸிஸ் செய்பவருக்குப் போய்ச் சேரட்டும். ஆனால் ‘வேரியன்ட்தானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு மனுவைத் தள்ளிவிடவும் வேண்டாம். தொந்தரவோடு வருபவரும் இருப்பார். மேலும் வேரியன்ட் உள்ளவருக்கும் மற்றவர்களைப் போலவே பக்கவாதம் வரலாம். முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், பழைய ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. ‘வாப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். நான் இன்று சொன்னவை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. தொந்தரவு இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்கேன் வேண்டாம்.

உங்களிடம் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், அந்த வேரியன்ட்டின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஆதார் அட்டையோடு வைப்பது போலப் பத்திரமாக வையுங்கள். கழுத்து, தொண்டை, காது, தைராய்டு, இதயம் இவற்றில் எந்த அறுவையோ ஆஞ்சியோகிராமோ வந்தாலும், சர்ஜனிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் அதை முதல் நாளே காட்டுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். உங்களால் பேச முடியாத நேரத்தில் மகனோ மருமகளோ எடுத்துக் கொடுக்க வேண்டும்.

என்னிடம் காட்ட விரும்புபவர்கள் இஷா வரை இங்கேயே இருப்பேன், வரலாம். அடுத்த அமர்வுக்கு வருபவர்கள் ரிப்போர்ட் தாளோடு சிடியையும் கொண்டு வாருங்கள். தாளில் இருப்பது இன்னொருவர் பார்த்து எழுதியது. படத்தை நானே பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வஸ்ஸலாமு அலைக்கும்.